சொந்த வண்டியா, வாடகை வண்டியா, அங்கேயே வாங்குவதா?

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து இரண்டு மூன்று நாடுகளைப் பைக்கில் சுற்றலாம் என்று பேச ஆரம்பித்தால், முதல் வாரம் முழுக்க வரைபடத்தைப் பற்றித்தான் பேச்சு ஓடும். எந்தக் கணவாய், எந்த ஏரி, எந்த மாதம். இரண்டாவது வாரம் 'எந்த வண்டி' என்று வந்து நிற்கும். அங்கேதான் கூட்டம் உடையும். "என் வண்டியில் போகாவிட்டால் அது என்னடா பயணம்" என்று ஒருவன் பிடிவாதம் பிடிப்பான். "பறந்து போய் இறங்கி, அங்கே வாடகைக்கு எடுத்துக்கலாம்" என்பான் இன்னொருவன். மூன்றாமவன், "அங்கேயே பழைய வண்டி வாங்கி, ஓட்டி முடித்ததும் விற்றுவிட்டு வரலாமே" என்று ஒரு திரியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போய்விடுவான்.

மூன்றுமே நடைமுறையில் உள்ள வழிகள்தான். மூன்றிலும் நிறையப் பேர் போய் வந்திருக்கிறார்கள். ஆனால் தனியாளுக்குத் தோதான வழி கூட்டத்துக்கும் தோதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தனியாகப் போகிறவரிடம் இருப்பது ஒரு வண்டி, ஒரு கட்டுக் காகிதம். நாலு பேர் போனால் நாலு கட்டு. அதில் ஒருவனுடைய காகிதத்தில் ஓர் எழுத்து தப்பினாலும் நாலு பேரும் எல்லையில் நிற்க வேண்டியதுதான். அவனை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூவரும் கிளம்பிவிடுவார்களா என்ன? அதனால் இந்த ஒப்பீட்டில் நான் குதிரைசக்தியைப் பார்க்கவில்லை. செலவைக்கூட இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். எந்த வழியில் போனால் கூட்டம் மொத்தமும் சும்மா நிற்கும் நாட்கள் குறையும் என்பதுதான் என் கணக்கு.

சொந்த வண்டிக்காரனின் கட்சியை முதலில் கேட்போம், அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வருடக்கணக்கில் ஓட்டிய வண்டி உடம்போடு ஒட்டிப்போயிருக்கும். பிரேக் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பிடிக்கும் என்பது விரலுக்குத் தெரியும். சரளைக் கற்களில் பின்சக்கரம் எப்போது நழுவும் என்பது இடுப்புக்குத் தெரியும். எங்கள் கூட்டத்தில் ஒருவன் தன் வண்டியின் இருக்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் வலிக்காதாம். ஆட்டுத்தோல் விரிப்பு வேறு போட்டிருக்கிறான்.

வீட்டு வாசலிலிருந்து சக்கரம் உருண்டு அடுத்த நாட்டுக்குள் போக முடியுமென்றால் அவன் சொல்வதை யோசிக்காமல் ஒத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது மிகச் சுலபம். ஷெங்கன் பகுதிக்குள் எல்லைச் சாவடி என்பதே பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகைதான். அதற்கு வெளியே துருக்கி, மொராக்கோ வரைக்கும் 'பச்சை அட்டை' என்ற பன்னாட்டுக் காப்பீட்டுச் சான்று செல்லும். ரஷ்யா, பெலாரஸ், கசகஸ்தான், கிர்கிஸ்தான், ஆர்மீனியா ஐந்தும் ஒரே சுங்க ஒன்றியம் என்பதால், ஒன்றில் நுழையும்போது வண்டிக்கு வாங்கும் தற்காலிக அனுமதி மற்றவற்றிலும் செல்லுபடியாகும். தென் அமெரிக்காவில் பெரும்பாலான நாடுகளில் எல்லையிலேயே தற்காலிக இறக்குமதிச் சீட்டு எழுதித் தருகிறார்கள்.

இந்தியா, பாகிஸ்தான், ஈரான், எகிப்து போன்ற நாடுகளுக்குள் வெளிநாட்டுப் பதிவெண் வண்டியைக் கொண்டுபோவதென்றால் கதை மாறும். அங்கே கேட்பது கார்னெட். வண்டிக்கான பாஸ்போர்ட் என்று இதைச் சொல்வார்கள். ஒவ்வொரு தாளும் மூன்று துண்டாக இருக்கும்: உள்ளே நுழையும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. இரண்டு முத்திரையும் விழுந்த மூன்றாவது துண்டு நம்மிடமே தங்கும். இதை வழங்குவது வண்டி பதிவான நாட்டின் வாகன ஓட்டிகள் சங்கம். ஒரு வருடம் செல்லும். சும்மா தருவதில்லை. நீங்கள் வண்டியை வெளிநாட்டில் விற்றுவிட்டால் அந்த நாட்டுச் சுங்கத்துக்கு வரி கட்ட வேண்டியது அந்தச் சங்கம்தான் என்பதால், உங்களிடம் பிணைத்தொகை கேட்கும். சில நாடுகளுக்கு இது வண்டியின் மதிப்பையே தாண்டிவிடும். வெளியேறும் முத்திரையை வாங்க மறந்துவிட்டு ஊர் திரும்பினால் அந்தப் பணம் எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. நாலு பேருக்கு நாலு பிணைத்தொகை என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். ஒருவனால் அவ்வளவு பணத்தை ஒரு வருடம் முடக்கிவைக்க முடியாமல் போகலாம். வெட்கப்பட்டுக்கொண்டு அதைச் சொல்லாமலும் இருக்கலாம்.

அப்புறம், காகிதம் சரியாக இருந்தும் வண்டி போக முடியாத இடங்கள் இருக்கின்றன. சீனாவுக்குள் சொந்த வண்டியில் போவதென்றால் முன்கூட்டிய அனுமதி, உள்ளூர்த் தற்காலிக ஓட்டுநர் உரிமம், கூடவே வரும் வழிகாட்டி எல்லாம் வேண்டும். வியட்நாமும் வெளிநாட்டு வண்டிக்கு முன் அனுமதி கேட்கும். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே டேரியன் காட்டில் நூறு கிலோமீட்டர் போலச் சாலையே கிடையாது. வண்டியைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றித்தான் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

கப்பல் என்று வந்துவிட்டால் குறைந்த விடுமுறைக்காரர்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது என் கருத்து. பெட்ரோலை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, மரப்பெட்டிக்குள் கட்டி அனுப்ப வேண்டும். கடல் கூலி மலிவாகத் தெரியும். ஆனால் இறங்கும் துறைமுகத்தில் கையாளும் கட்டணம், சேமிப்புக் கட்டணம், முகவர் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். கப்பல் சொன்ன தேதிக்கு வராது, அதற்குத்தான் மருந்தில்லை. மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், முதல் வாரத்தைத் துறைமுக வாசலில் கழிப்பதற்கு நாலு பேரும் சம்மதிக்க மாட்டார்கள்.

சொந்த வண்டியில் இன்னொரு சிக்கல். இதைக் கிளம்பும் முன் யாரும் பேசுவதில்லை, பேசினால் அபசகுனம் மாதிரி இருக்கும். தற்காலிகமாக இறக்குமதி செய்த வண்டி உங்கள் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒருவன் விழுந்து காலை முறித்துக்கொண்டு விமானத்தில் வீடு திரும்ப வேண்டியிருந்தால், அவன் மட்டும் போய்விட முடியாது. வண்டியும் நாட்டை விட்டுப் போயாக வேண்டும். மற்ற மூவரில் ஒருவர் அதை ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டலாமா? நோட்டரி சான்றளித்த அதிகாரப் பத்திரம் இல்லாமல் முடியாது. அதிலும் பத்திரம் இருந்தாலே போதும் என்று எல்லா நாடும் விடுவதில்லை. சொந்த வண்டியில்தான் போவோம் என்று முடிவானால், ஒவ்வொரு வண்டிக்கும் இன்னொரு நண்பனின் பெயரில் ஒரு பத்திரம் கிளம்பும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் தேவைப்படும்.

வாடகைக்கு வருவோம். நான் இந்தக் கட்சி என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் இதில் சூடும் பட்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை சிலியின் தெற்கில் நாலு வண்டி எடுத்தோம். சிலியில் கொஞ்சம், ஆண்டிஸ் மலையைத் தாண்டி அர்ஜென்டினாவில் கொஞ்சம், மறுபடி சிலி என்று திட்டம். அங்கே வாடகை வண்டியோடு எல்லை தாண்ட நோட்டரி சான்றோடு கூடிய அனுமதிக் கடிதம் வேண்டும். அதைத் தயார் செய்யச் சில நாட்கள் ஆகும் என்பதால் முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். கேட்டோம், தந்தார்கள், நாங்களும் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். யாரும் படித்துப் பார்க்கவில்லை. எல்லையில் சுங்க அதிகாரி படித்துப் பார்த்தார். பதினேழு இலக்க சேசிஸ் எண்ணில் கடைசி இரண்டு இடம் மாறியிருந்தது, ஒரே ஒரு வண்டிக்கு. அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. கடிதத்தை என் பக்கம் திருப்பி, அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார், அவ்வளவுதான். அன்று வெள்ளிக்கிழமை மாலை. நோட்டரி திங்கட்கிழமைதான் வருவார். மலையடிவாரக் கிராமத்தில் மூன்று நாள், படகோனியாவின் காற்று தகரக் கூரையைத் தட்டுவதைக் கேட்டுக்கொண்டு சீட்டு விளையாடினோம்.

இவ்வளவு பட்ட பிறகும் ஏன் வாடகைக் கட்சி என்று கேட்பீர்கள். அந்தத் தப்பைச் சரி செய்ய வேண்டிய பொறுப்பு கடைக்காரரிடம் இருந்தது. ஒரே தொலைபேசி அழைப்பு. வண்டிக்குச் சொந்தக்காரர் அந்த நாட்டுக்காரர், நோட்டரி அவர் ஊரில், மொழியும் அவருடையது. அதே தப்பு கார்னெட்டில் நடந்திருந்தால் கடல் தாண்டி ஒரு சங்கத்துக்கு எழுதி, புதுத் தாள் வரும்வரை காத்திருந்திருப்போம். வாடகையில் காகிதம் தப்பாது என்று நான் சொல்லவில்லை. தப்பினால் சீக்கிரம் சரியாகும்.

இன்னொரு அனுகூலம், நாலும் ஒரே மாடல் வண்டியாக எடுக்கலாம். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். கிர்கிஸ்தானின் சாரி-தாஷிலிருந்து தஜிகிஸ்தானின் முர்காப் வரை பாமிர் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். நடுவே பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாத பாதை. கூட்டத்தில் யாருடைய டேங்க் மிகச் சின்னதோ அவனுடைய தூரம்தான் எல்லோருடைய தூரமும். வழியில் வரும் அக்-பைடால் கணவாய் 4,655 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கார்புரேட்டர் வண்டி திணறிக்கொண்டு கூடுதலாகக் குடிக்கும், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி ஓரளவு சமாளிக்கும். சொந்த வண்டிகளில் போனால் ஒன்று பெரிய அட்வென்ச்சர் வண்டியாக இருக்கும், ஒன்று பழைய ஒற்றை சிலிண்டராக இருக்கும், ஒன்றுக்கு டியூப் டயர், இன்னொன்றுக்கு டியூப்லெஸ். நாலும் ஒன்றாக இருந்தால் ஒரு கிளட்ச் கேபிள், ஒரு பிரேக் லீவர், இரண்டு டியூப் கையில் இருந்தாலே நாலு பேருக்கும் ஆகும்.

பாதகங்களும் உண்டு. எடுத்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டும் என்பதால் பாதை வட்டமாகத்தான் இருக்க முடியும். வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம், நாடு மாறினால் பெரும்பாலும் முடியவே முடியாது. எந்தெந்த நாட்டுக்குப் போகலாம் என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்வார். எழுத்தில் இல்லாத நாட்டுக்குள் நுழைந்தால் காப்பீடு காற்றில் போய்விடும். காப்பீடு என்று அவர்கள் சொல்வதும் பல இடங்களில் எதிராளிக்கான காப்பீடு மட்டுமே. வண்டிக்கு அடிபட்டால் முன்பணத்தில் பிடிப்பார்கள். மண் சாலையில் ஓட்டினால் செல்லாது என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். மண் சாலைக்காகவே போகும் பயணத்தில் அந்த வரி இருந்தால் அந்தக் கடை வேண்டாம்.

வாங்கி விற்கும் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆறு மாதம் சுற்றும் ஆளுக்கு, அதுவும் தனியாக, இது அருமையான வழி. சிலியில் வெளிநாட்டவர் 'ரூட்' என்ற அடையாள எண் வாங்கித் தன் பெயரிலேயே வண்டியைப் பதிவு செய்துகொள்ள முடியும். வியட்நாமில் ஹனோயில் வாங்கி ஹோ சி மின் நகரில் விற்பது முதுகுப்பைப் பயணிகளின் பழைய வழக்கம். ஆனால் பதிவு அட்டை பெரும்பாலும் யாரோ ஒரு முதல் உரிமையாளரின் பெயரிலேயே கைமாறிக் கைமாறி வரும். 2023 ஆகஸ்டிலிருந்து அங்கே பதிவெண் வண்டியோடு அல்ல, உரிமையாளரின் அடையாளத்தோடு இணைக்கப்படுகிறது. உள்ளூரில் ஓட்டும்வரை யாரும் கேட்காமல் இருக்கலாம். அடுத்த நாட்டு எல்லையில் கேட்பார்கள். நாலு பேர் நாலு பழைய வண்டி வாங்கி, நாலையும் கடைசி வாரத்தில் விற்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நாலு வண்டியோடு நிற்பவர்களிடம் வாங்குபவர் என்ன விலை சொல்வார்? மூன்றாமவன் இதைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டான்.

ஏற்பாட்டாளர் நடத்தும் குழுப் பயணம் என்று நான்காவதாக ஒன்று உண்டு. சாமானை ஏற்றிக்கொண்டு பின்னால் வண்டி வரும், மெக்கானிக் இருப்பார், காகிதமெல்லாம் அவர்கள் பாடு. சீனா மாதிரி இடங்களுக்கு இதுதான் நடைமுறை வழி. மற்ற இடங்களுக்கு, நண்பர்களோடு போகும் பயணத்தில் மூன்றாம் மனிதர் போடும் அட்டவணைப்படி காலை ஏழரைக்குக் கிளம்புவது எனக்கு ஒத்துவராது. உங்களுக்கு ஒத்துவந்தால் தாராளமாகப் போகலாம், நின்றுபோகும் நாட்கள் இதில்தான் மிகக் குறைவு.

எந்த வழியானாலும் ஓட்டுநர் உரிமத்தில் தப்ப முடியாது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஒரே வகை அல்ல. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி ஒன்று. உங்கள் நாடு எதைத் தருகிறது, போகும் நாடு எதை ஏற்கிறது என்று இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். வியட்நாம் 1968 வகையை மட்டுமே ஏற்கிறது. சீனா இரண்டையுமே ஏற்பதில்லை. இரு சக்கர வண்டிக்கான கட்டத்தில் முத்திரை இல்லாத அனுமதி பைக்குக்கு உதவாது. காவலர் பிடிப்பதைவிடப் பெரிய ஆபத்து, அடிபட்டால் பயணக் காப்பீட்டுக்காரர் அதைக் காட்டிப் பணம் தர மறுப்பது. நம் ஆட்களுக்கென்று தனியாக ஒரு தலைவலியும் உண்டு: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், வண்டிப் பதிவில் இன்ஷியலாக இருக்கும், உரிமத்தில் இன்ஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். எல்லை அதிகாரிக்கு இது மூன்று மனிதர்கள். சொந்த வண்டிக்காரருக்கு இந்தத் தலைவலி மூன்று காகிதத்தில், வாடகைக்காரருக்கு இரண்டில். வாடகை ஒப்பந்தத்தில் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதச் சொல்லிவிடலாம்.

கூட்டத்தில் எல்லோரிடமும் ஒரே நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கும் என்றும் இல்லை. ஒருவன் இந்தியா, ஒருவன் மலேசியா, ஒருவன் கனடா என்று சிதறிக்கிடக்கும் பழைய வகுப்புத் தோழர்கள்தான் இப்படிப் பயணம் போகிறார்கள். அப்போது விசா கிடைக்க யாருக்கு அதிக நாள் ஆகுமோ அவனுடைய தேதியைத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட கூட்டத்துக்குச் சொந்த வண்டி என்ற பேச்சே எழ வழியில்லை. மூன்று நாட்டிலிருந்து மூன்று வண்டியை ஒரே வாரத்தில் ஒரே துறைமுகத்தில் இறக்கிவிட யாரால் முடியும்?

பாதையின் வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வரைபடத்தில் அண்டை நாடுகள் எல்லாம் சாலையில் அண்டை நாடுகள் அல்ல. மொராக்கோ–அல்ஜீரியா எல்லை 1994 முதல் மூடிக்கிடக்கிறது. கிர்கிஸ்தான்–தஜிகிஸ்தான் எல்லை 2021 மோதலுக்குப் பிறகு மூடி, 2025 மார்ச்சில்தான் திறந்தது. அதே 2025இல் தாய்லாந்து–கம்போடியா தரைவழி எல்லை சண்டையால் மூடப்பட்டது. பயணம் நடந்துகொண்டிருக்கும்போதே இப்படி நடந்தால் வாடகை வண்டிக்காரன் பாடுதான் திண்டாட்டம். வண்டி மூடிய எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குப் போயாக வேண்டும். இந்த ஒரு இடத்தில் சொந்த வண்டிக்காரன் ஜெயிக்கிறான், மூன்றாவது நாட்டு வழியாகச் சுற்றி வந்துவிடுவான். அதனால் வாடகைக்குப் போகிறவர்கள் கடை இருக்கும் நாட்டிலேயே பாதி நாட்களுக்கு மேல் வைத்துக்கொண்டு, அண்டை நாட்டுக்குள் ஒருமுறை போய் வரும்படி பாதை போட்டால் நல்லது. எல்லை மூடியிருந்தாலும் பாதிப் பயணம் கையில் இருக்கும்.

இதையெல்லாம் வைத்து, நாலு வாரத்துக்குள் என்றால் வாடகை. இரண்டு மாதத்துக்கு மேல் நேரம் இருந்து, வாசலிலிருந்தே தரைவழியாகப் போக முடிந்து, நாலு பேரும் ஒரே நாட்டில் இருந்தால் சொந்த வண்டி. இடைப்பட்ட நாட்கள் என்றால் யாருடைய காகிதம் மிகப் பலவீனமாக இருக்கிறதோ அவனைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அதிகமாகச் சத்தம் போடுபவனைக் கேட்டு அல்ல.

எங்கள் கூட்டம் அடுத்த கோடைக்கு ஓஷ் நகரில் நாலு வண்டி பேசி வைத்திருக்கிறது. பாதி நாள் கிர்கிஸ்தான், நடுவே பாமிர் வழியாக முர்காப் வரை போய் வந்த வழியே திரும்புவது. அனுமதிக் கடிதங்களின் படத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லிவிட்டோம். வண்டியைக் கையில் வாங்கியதும் சேசிஸ் எண்ணை ஒருவன் சத்தமாகப் படிக்க, இன்னொருவன் கடிதத்தில் விரல் வைத்துச் சரிபார்ப்பான். சொந்த வண்டிக்காரன் இன்னும் முழு மனதாக ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஆட்டுத்தோல் விரிப்பை மட்டும் கையோடு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.